வராத தேன்மொழி மேடம்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சம்பவம் நடந்தது திருப்பூரில், ஒரு பெரிய ஜவுளிக்கடையில். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "எங்க கடையில அப்படியெல்லாம் நடக்காதுங்க" என்று பத்துப் பேர் சண்டைக்கு வருவீர்கள். நடக்கும். உங்கள் கடையிலும் நடக்கும்.

அந்தக் கடை ஒலிபெருக்கியில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வரும்: "தேன்மொழி மேடம், பட்டுப் பிரிவுக்கு வரவும்." அப்படி ஒரு மேடம் அங்கே வேலை பார்க்கவில்லை. சந்தேகப்படும்படி யாரோ வந்திருக்கிறார்கள், கண் வையுங்கள் என்பதற்கு முதலாளி சென்னியப்பன் செய்து வைத்த ஏற்பாடு அது. யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை மேற்பார்வையாளர் மயில்சாமியிடம் விட்டுவிட்டார். மயில்சாமிக்கோ, வடக்கத்தி முகம் ஒன்று படியேறினால் போதும், கை தானாக மைக்கைத் தேடும்.

ஃபூல்மணி ஜார்கண்டிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைக்கிறவள். பக்கத்து மெஷின்காரி வளர்மதியின் மகள் வயதுக்கு வந்திருந்தாள். வளர்மதிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாய்வீட்டுச் சீரை யார் கொண்டுவருவது என்று பேச்சு எழுந்தபோது, "எம் பொறந்தவ இவதான்" என்று ஃபூல்மணியைக் காட்டிவிட்டாள். புருஷன் வீட்டார் முகம் சுளித்தார்கள், வளர்மதி விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஊரில் தனக்கும் ஓர் உறவுமுறை கிடைத்துவிட்டது என்று ஃபூல்மணிக்குத் தலைகால் புரியவில்லை.

சீருக்கு முதல் நாள் பட்டுச்சேலை எடுக்க வந்தாள். விற்பனைப் பெண் திலகா அவளை நன்றாக அறிவாள். இருவரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருப்பவர்கள். ஆனால் கடைக்குள் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. தேன்மொழி மேடத்தை அழைத்தாகிவிட்டது. மற்றவர்களுக்கு மெத்தை நிறையச் சேலையை விரித்துப் போடுகிறவள், ஃபூல்மணிக்கு ஒன்றை மடித்து உள்ளே வைத்த பிறகுதான் இன்னொன்றைப் பிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் கைப்பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சேலை குறைந்தது.

"பையக் கொட்டிக் காட்டும்மா" என்றார் மயில்சாமி.

அப்போதுதான் திலகாவின் கண்ணில் பட்டது, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்த சேலையின் கரை. சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், கவனமில்லாமல் தவறவிட்டவள் என்று வேலை போகும். வாயை மூடிக்கொண்டாள். பையிலிருந்த வளையலும் மஞ்சளும் கண்ணாடியும் ரிப்பனும் வெள்ளை மெத்தையில் கொட்டின. சேலை இல்லை. அதன் பிறகு குனிந்து, "அட, இங்க விழுந்து கெடக்குதுங்" என்று, அப்போதுதான் பார்த்தவள்போல எடுத்துக் கொடுத்தாள்.

ஃபூல்மணி வளையல்களைப் பொறுக்கிக்கொண்டே மயில்சாமியைக் கேட்டாள்: "நா எப்ப வந்தாலும் தேன்மொழி மேடத்தக் கூப்புடறீங்க. அவங்க ஏனுங்க ஒரு நாளும் வர்றதில்ல?"

மயில்சாமிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் ஒன்றும் வாங்காமல் இறங்கிப் போனாள். சேலையை வேறு கடையில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, கடை திறக்கும்போது வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்ட பெண்களில் ஒருத்தி வளர்மதியின் நாத்தனாருக்குச் சிநேகிதி. பை சோதித்த செய்தி மட்டும் சீர் வீட்டுக்குப் போயிருந்தது. சேலை கிடைத்த செய்தி போகவில்லை. திருட்டுப் பேர் வாங்கியவள் கையால் பெண்ணுக்குச் சீரா என்று அங்கே ஒரே களேபரம்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க" என்றாள் ஃபூல்மணி. "நா எடுக்கலீன்னு ஒருத்தர் வந்து சபையில சொல்லோணும். ஒருத்தர் போதும். கடையே கூடி வந்தா, மூடி மறைக்க வந்தாங்கன்னுதான் பேசுவாங்க."

சென்னியப்பன் செருப்பை மாட்டினார். "ஏற்பாடு என்னோடது. நானே வர்றேன்."

"கொட்டச் சொன்ன வாய் என்னோடதுங்க. நாந்தான் போகோணும்" என்றார் மயில்சாமி. ராத்திரி அவர் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நா போறனுங்க" என்றாள் திலகா.

முதலாளி அவளைக் கனிவாகப் பார்த்தார். "உனக்கென்ன கண்ணு இதுல? தேடி எடுத்துக் குடுத்தவளே நீதானே!"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பாராட்டில் திலகா கூசிப்போனாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவருமே குற்றவாளிகள், மூவருமே வருந்துகிறார்கள். ஃபூல்மணியோடு சபைக்குப் போக வேண்டியவர் யார்?

விடை: திலகாதான். முதலாளியும் மயில்சாமியும் செய்தது சின்னப் பாவமில்லை. முகத்தைப் பார்த்தே ஒருத்தியைத் திருடியாக்கினார்கள். ஆனால் அவள் எடுக்கவில்லை என்பது அவர்களுக்குச் சேலை கிடைத்த பிறகுதான் தெரியும். பை கவிழும் முன்பே தெரிந்தவள் திலகா ஒருத்தி. எனவே சாட்சியும் அவள், பெரிய குற்றவாளியும் அவள். அதை முதலாளியிடம் சொல்லிவிட்டே போனாள். வேலை இருக்குமா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சபையில், "இந்தக்கா பையக் கொட்டறதுக்கு முன்னாடியே சேல கெடந்த எடம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா நின்னேன்" என்றாள். சீர்த்தட்டு ஃபூல்மணி கைக்கு வந்தது. பெண்ணுக்குச் சந்தனம் பூசி முடித்ததும், வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்தாள். திலகாவுக்கும் கொடுத்தாள், சாப்பிட்டுப் போகும்படி சொன்னாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.