குமிழ் பூஜ்யத்தில் இருந்தது

பல வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, நரைத்த தலையோடு ஆராய்ச்சிக்கு வந்தவர் பூவராகன். அவருக்கு வழிகாட்டி ஜெசிந்தா. வயதில் சின்னவர். இவர் "மேடம்" என்பார், அவர் "சார்" என்பார். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

எள்ளளவுதான் அந்தக் காந்தப் படிகம். கடுங்குளிரில் அதற்குள் எலக்ட்ரான்கள் வரிசைகட்டும். ஆனால் பாதி நெடுக்கே, பாதி குறுக்கே. ஒன்றை ஒன்று மறைத்துவிடுவதால் கருவியில் எதுவும் தெரியாது. இருபுறமும் சற்றே நெருக்கினால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். நெருக்கம் கூடினால் படிகம் உடையும்.

நேற்று ஒன்று உடைந்தது. நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருப்பும் குமிழை அவர் தொடவே இல்லை, குளிரக் குளிரத் தானாகவே விரிசல் விட்டது. கடைசியாக இருந்ததையும் அதேபோல் உலோகத் தாங்கியில் இரு முனையும் இறுக ஒட்டி, குளிர்கலத்தில் இறக்கியிருந்தார். வெப்பநிலை இறங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் எடுத்த விடுப்பு முடியப்போகிறது. இதுவும் போனால் பட்டமும் போயிற்று.

"எவ்வளவு நெருக்கலாம் மேடம்?"

"நேத்து எவ்வளவு நெருக்கினீங்க?"

"சத்தியமா ஒண்ணுமே இல்ல. குமிழ் பூஜ்யத்துலதான் இருந்துச்சு."

"கையைப் பாருங்க சார்."

பார்த்தார். படிகத்தை எடுத்து வைத்த இடுக்கி இன்னும் கையிலேயே இருந்தது. நகங்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன.

"யாரு இப்படி அழுத்தினது?"

"யாரும் அழுத்தல மேடம். விழுந்துடக் கூடாதேன்னு பிடிச்சுக்கிட்டு..."

பாதியில் நிறுத்தினார். குளிர்ந்தால் உலோகம் சுருங்கும். வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவரே கரும்பலகையில் எழுதிப் போடும் பாடம். அந்தச் சுருக்கத்துக்கு நடுவே, நகர வழியில்லாமல் படிகம் மாட்டிக்கொண்டிருக்கிறது!

பதறிப்போய் மறுகையால் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினார். தாங்கியின் இடைவெளி மயிரிழை அகன்றது. வெப்பநிலை நேற்று உடைந்த இடத்துக்கு வந்தது. அதைக் கடந்து இன்னும் கீழே போனது. மிச்சமிருந்த சிறு நெருக்கத்திலேயே, கருவியின் திரையில் செத்துக் கிடந்த கோடு மெல்ல எழுந்தது.

"தெரியுது மேடம்! எல்லாம் ஒரே பக்கம் திரும்பிருச்சு!" அவர் கை மறுபடி குமிழுக்குப் போனது. "இன்னும் தளர்த்தி முழுசா விட்டுரட்டுமா?"

"விட்டா பழையபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கும்."

பூவராகனுக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. "இறுக்கினா உடையுது, விட்டா கலையுது. எவ்வளவுதான் மேடம் பிடிக்கிறது?"

"கையைப் பாருங்க சார்."

இடுக்கி விழவில்லை, விரல்களுக்கு நடுவேதான் இருந்தது. நகங்களில் ரத்தம் ஓடியிருந்தது.

பூவராகன் குமிழை அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.