மரச்சாமி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில் நண்டு பேசியது, மீன்கொத்தி பேசியது, கரையில் ஒதுங்கிய ஆமைகூடத் தன் முறை வந்தால் நாலு வார்த்தை பேசியது. தென்கடல் தீவு ஒன்றில் பேசாமல் இருந்தவர்கள் மனிதர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் சேர்த்துப் பேச ஒருவன் இருந்தான். அவன் பெயர் தூகோரி. தீவின் தலைவன்.

கடற்கரையில் தூகோரியின் முன்னோர் நிறுத்திய ஏழு கற்சாமிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். பெரிய கண், நீண்ட மூக்கு, இறுக மூடிய வாய். வாய் என்று சொல்வதுகூட அதிகம். நகத்தால் கீறியது போல ஒரு கோடு, அவ்வளவுதான். பௌர்ணமிதோறும் காலையில் தூகோரி நடுக்கல்லில் காதை வைத்துக் கேட்பான். பிறகு திரும்பி, சாமி என்ன சொன்னது என்று ஊருக்குச் சொல்வான். சாமி சொன்னது எப்போதும் ஒன்றுதான்: பிடித்த மீனில் பாதி, பறித்த தேங்காயில் பாதி. மனிதர்கள் தலை குனிந்து கூடைகளைக் கல்லடியில் வைப்பார்கள். தென்னை ஏறும் பெருநண்டும் தன் பங்கை உருட்டிக்கொண்டு வரும். மீன் படாத மாதத்தில் சாமி குறைத்துக் கேட்டதாக ஒரு பேச்சும் இல்லை.

சிலை செதுக்கும் உரிமை தலைவன் வீட்டுச் சிற்பிகள் மூவருக்கு மட்டும். வேறு எவர் கல்லிலோ மரத்திலோ ஒரு முகம் செதுக்கினாலும், துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுவார்கள். அப்படிப் போனவர் ஒருவரும் திரும்பியதில்லை. உழைக்கிறவன் கை உழைக்க மட்டும்தான் என்பது தூகோரியின் சட்டம். சட்டம் எழுதுகிறவனின் கை வேறு எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தீவில் மாரேவா என்றொரு பெண் இருந்தாள். படகுக்குள் ஏறும் தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டுவது அவள் வேலை. விடிந்ததிலிருந்து இறைத்தாலும் மறுநாள் அதே தண்ணீர் அதே படகில் ஏறும். செய்து முடித்தேன் என்று காட்ட அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு புயலில் கறிப்பலா மரத்தின் பெருங்கிளை முறிந்து அவள் குடிசைக்குப் பின்னால் விழுந்தது. மாரேவா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே யாரோ குந்தி உட்கார்ந்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது. அன்று மதியம், படகுகள் கரையேறி ஊர் நிழலில் படுத்திருந்த நேரத்தில், மரம் செதுக்குகிற, முனை உடைந்த ஒரு கல் வாய்ச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் மதியமும் உட்கார்ந்தாள். நுணுக்கமான இடத்துக்குச் சுறாப்பல், வழவழப்பாக்கத் திருக்கைத் தோல். இப்படி இருபது மதியங்கள் போயின.

பெருநண்டு தென்னையிலிருந்து இறங்கி வந்து பார்த்தது.

"எதுக்குத் தங்கச்சி இது? கூலி தர்றாங்களா?"

"இல்ல நண்டண்ணே."

"யாராவது செய்யச் சொன்னாங்களா?"

"அதுவும் இல்ல. யாரும் சொல்லாம நான் செய்யுற ஒரே வேலை இதுதான்."

நண்டுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் செதுக்கும் சாமியின் கை இரண்டும் வயிற்றின் மேல் ஏன் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டது. ஈட்டி பிடித்த கை செதுக்கத் தனக்கு வராது என்றும், பசித்தவர் கை போகும் இடம் அதுதான் என்றும் மாரேவா சொன்னாள். வாயை மட்டும் அவளும் கற்சாமிகளைப் பார்த்துக் கோடாகத்தான் கீறினாள். சாமிக்கு அதைத் தவிர வேறு வாயை அவள் பார்த்ததில்லை.

சிற்பிகள் மரத்தை வெட்டி ஓராண்டு நிழலில் போட்டுக் காயவிட்ட பிறகே உளியைத் தொடுவார்கள். அது அவர்கள் வீட்டு ரகசியம். மாரேவாவுக்கு அதை யார் சொல்லியிருக்க முடியும்? பச்சை மரத்திலேயே செதுக்கினாள். முடித்ததும் சீக்கிரம் காயட்டும் என்று உச்சி வெயிலில் நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் பட்டென்று ஒரு சத்தம். நண்டு பயந்து மணலுக்குள் பாதி புதைந்துவிட்டது. மாரேவா ஓடி வந்தாள். வாய்க்கோட்டின் வழியாகவே மரம் வெடித்து, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை பிளந்திருந்தது. இருபது மதியங்களின் வேலை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நண்டு மெல்லத் தலையை நீட்டியது. "உன் சாமி கொட்டாவி விடுது, தங்கச்சி."

மாரேவா நிமிர்ந்து பார்த்தாள். உண்மைதான். சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பில் போட அதை எடுக்கப் போன கையால் வாய்ச்சியை எடுத்தாள். பிளவை மேலும் கீழும் அகலமாக்கி, ஓரத்தைத் திருத்தி, உள்ளே பல் வைத்தாள். நடுவில் ஒரு கணு. எந்தச் சுறாப்பல்லுக்கும் அது அசையவில்லை. சரி, நாக்காக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதை உருட்டி வெளியே நீட்டிவிட்டாள்.

தென்னை மட்டையில் உட்கார்ந்து இவ்வளவையும் மீன்கொத்தி பார்த்துக்கொண்டிருந்தது. கல்லடிக் கூடையில் பொடிமீன் தின்று வளர்ந்த பறவை. சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல்லிவிட்டது.

பௌர்ணமிக் காலையில் ஊர் கூடியது. கல்லடியில் கூடைகள் குவிந்திருந்தன. கடல்நீர் இறங்கியிருந்த கரையில் துடுப்பில்லாத படகு ஒன்று தயாராக நின்றது. மரச்சாமியைத் தூக்கி வந்து மணலில் போட்டார்கள். மாரேவாவை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். யாருடைய அனுமதியில் செய்தாய் என்று தூகோரி கேட்டான். யாருடையதும் இல்லை என்றாள். அவன் நடுக்கல்லில் காதை வைத்தான், நிமிர்ந்தான்.

"சாமி சொல்லிவிட்டது. கடல் வெள்ளம் ஏறியதும் இவளைக் கடலில் தள்ள வேண்டும்."

கூட்டம் வழக்கம் போலத் தலை குனிந்தது. மாரேவா குனியவில்லை. குனிந்து என்ன ஆகப்போகிறது? படகு எதிரேயே நின்றது.

"தலைவரே, உங்க சாமி எந்த வாயால சொல்லிச்சு?"

"சாமிக்கு வாய் எதற்கு? நான் இருக்கிறேன் அல்லவா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன.

மாரேவா தன் மரச்சாமியைத் தூக்கி நேராக நிறுத்தி, ஊர்ப்பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட இருக்கிறதும் சாமிதான். இதுக்கு வாய் இருக்கு, நாக்கு இருக்கு. வெள்ளம் ஏறுற வரைக்கும் பார்ப்போம். என்னைத் தள்ளணும்னு இது சொன்னா நானே போய்ப் படகுல ஏறிக்கிறேன். உங்க மீன் வேணும்னு கேட்டா முழுக் கூடையையும் கொடுங்க."

மரத்துண்டு பேசாது என்று தூகோரி கத்தினான். அப்படியானால் கல் மட்டும் எப்படிப் பேசியது என்று பெருநண்டு பணிவாக விசாரித்தது. அதற்குள் ஊர் மணலில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துவிட்ட கூட்டத்தை எழுப்புவது லேசான காரியம் அல்ல. அது தெரிந்த தலைவன் எவனும் கூட்டத்தை உட்காரவே விடமாட்டான்.

காத்திருந்தார்கள். மரச்சாமி வாயைப் பிளந்து, நாக்கை நீட்டி, வயிற்றில் கைவைத்து நின்றது. நீர் படகின் அடியைத் தொட்டது. பிறகு படகைத் தூக்கி ஆட்டியது. ஏழு கல்லின் பாதத்தையும் நனைத்தது. மரச்சாமி ஒன்றும் கேட்கவில்லை.

மாரேவா எழுந்தாள்.

"வாய் இருக்கிற சாமி ஒரு மீன்கூடக் கேட்கல. வாயே இல்லாத சாமி இத்தனை வருஷமா எங்க மீனை எந்த வழியாத் தின்னுச்சு?"

பாவேரு என்ற வலைக்காரன் மெதுவாக நடந்து போய்க் குவியலிலிருந்து தன் கூடையை எடுத்துக்கொண்டான். எடுத்த பிறகு வானத்தைப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. அடுத்தவள் எடுத்தாள். பிறகு எல்லாரும் எடுத்தார்கள். பெருநண்டு தன் தேங்காயோடு பக்கத்தில் கிடந்த இன்னொன்றையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது. பழைய பாக்கி என்றது.

மரச்சாமியை உடைக்கச் சொல்லித் தூகோரி சிற்பிகளை ஏவினான். மூத்த சிற்பி உளியோடு எழுந்தார். எல்லாரும் மாரேவாவைப் பார்த்தார்கள். அவர் அவளைக் கடந்து நடுக்கல்லிடம் போனார். "முப்பது வருஷமா ஒரு வாய் செதுக்கணும்னு ஆசைம்மா," என்று சொல்லி, அந்தக் கோட்டின் மேல் உளியை வைத்தார்.

அவர் கல்லில் பிளவு ஓடும் இடத்தைக் காட்டினார்; ஊர் வாய்ச்சிகளோடு வந்து இறங்கியது. ஏழு கல்லுக்கும் வாய் திறக்க ஒன்பது நாள் ஆனது. தூகோரி கரையில் நின்று ஏதோ ஆணையிட்டுக்கொண்டே இருந்தான். கல் கொத்தும் சத்தத்தில் அது எவர் காதிலும் விழவில்லை. பத்தாம் நாள் மாரேவா தன் சிரட்டையை அவன் கையில் கொடுத்துப் படகைக் காட்டினாள். தண்ணீர் இறைத்தான். மாலையில் மற்றவர்களைப் போல அவனுக்கும் ஒரு பங்கு மீன் வந்தது.

படகு தயாராக நின்றபோது கடைசி வரிசையில் ஒளிந்திருந்த சிலர், முதல் வாயைத் திறந்ததே நாங்கள்தான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். பேசட்டும். எல்லா ஊரிலும் நடப்பதுதான். வாய்கள் திறந்தது திறந்ததுதான்.

அன்று முதல்தான் அந்தக் கடல் தீவுகளில் செதுக்கும் மரச்சாமியும் கற்சாமியும் வாய் பிளந்து, நாக்கு நீட்டி, வயிற்றில் கைவைத்து நிற்கின்றன. அன்று முதல்தான், சிற்பி குலத்தில் பிறக்காத எவரும் ஓய்வான ஒரு மதியத்தில் ஒரு கட்டையை மடியில் சாய்த்து, ஒருவரையும் கேட்காமல் ஒரு முகம் செதுக்கலாம் என்று ஆயிற்று. மரம் வெடித்தால் அவர்கள் எறிவதில்லை. அங்கேதான் வாயை வைக்கிறார்கள்.