உதிர்ந்த மூன்றாம் வாரம்

விசாலமதி மாதாஜி சமணத் துறவி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஜினாலயத்தில் அந்த மழைக்காலம் முழுவதும் தங்கியிருந்தார். ஞாயிறுதோறும் அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் ஜம்புகுமாரும் ஒருவர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாதாஜியைவிட ஐந்து வயது மூத்தவர்.

மூன்று ஞாயிறுகள் ஜம்புகுமார் வரவில்லை. நான்காம் ஞாயிறு, தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று மாதாஜி, துறவு நெறிப்படி, தன் தலைமுடியைத் தானே கையால் பறித்துக்கொள்ளும் நாள். விரல்களில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கொத்துக் கொத்தாகப் பறித்தார். கண்கள் கலங்கின, முகம் மாறவில்லை. பெண்கள் சிலர் பாட்டுப் பாடியபடி, விழுந்த முடியை ஒரு துணியில் ஏந்தினார்கள். ஜம்புகுமார் கடைசி வரிசையில் நின்று பார்த்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு அருகே வந்து கைகூப்பினார்.

"வந்தாமி மாதாஜி. ஒண்ணு கேக்கணும். கேக்கவே கூச்சமா இருக்கு."

"கேளுங்க."

தொப்பியைக் கழற்றினார். முன்னந்தலை முழுக்கச் சிவந்த புள்ளிகள். அங்கங்கே நாலைந்து முடிகள்.

"பின்மண்டையிலேர்ந்து முடியெடுத்து முன்னாடி நட்டாங்க. ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வாரம் தலையணையெல்லாம் முடி. கண்ணாடி பார்க்கவே பயமா இருக்கு."

"வைத்தியர் என்ன சொன்னார்?"

"நட்ட முடி இப்படித்தான் முதல்ல உதிருமாம். வேர் உள்ளேயே இருக்குமாம். நாலு மாசத்துல புதுசா முளைக்க ஆரம்பிக்கும்னார். நடுறதுக்கு முன்னாடியே சொன்னார்."

மாதாஜி துணியிலிருந்து ஒரு முடியை எடுத்துத் தரையில் வைத்தார். அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

"அடியோட பறிச்சது. போன தடவையும் இப்படித்தான் பறிச்சேன். மறுபடி வந்துடுச்சு."

ஜம்புகுமாரின் முகம் மலர்ந்தது. "அப்போ எனக்கும் வந்துடும், இல்ல?"

"அதை வைத்தியர்தான் சொல்லணும்."

"அவர் வரும்னுதான் சொல்றார்."

"அவர் சொன்ன பிறகும் என்கிட்ட ஏன் வந்தீங்க?"

அவர் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"மருதேவிக்கு இது தெரியாது மாதாஜி."

மருதேவி அவருக்கு நிச்சயமான பெண். வந்தவாசியில் பள்ளி ஆசிரியை.

"நிச்சயத்தன்னிக்கு யாரோ ஒருத்தர், 'இவர் மாப்பிள்ளையோட அண்ணனா'ன்னு கேட்டுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரமே போய் நட்டுக்கிட்டேன்."

"மருதேவி சிரிச்சாங்களா?"

"இல்ல. 'இவர்தான் மாப்பிள்ளை'ன்னு அவதான் சொன்னா."

"இப்போ?"

"பார்க்கணும்கிறா. வேலை இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தள்ளிப் போடுறேன். நேத்து, 'என்னைப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க'ன்னா. போனை வெச்சுட்டேன். கல்யாணத்தையே தள்ளி வைக்கச் சொல்லலாமான்னு இருக்கு. முடி வந்ததும் போய் நிக்கலாம்ல?"

மாதாஜி தரையில் கிடந்த முடியை எடுத்துத் துணியில் சேர்த்து முடிந்தார்.

"இங்கேர்ந்து வந்தவாசிக்கு எவ்வளவு நேரம்?"

"பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம்."

"ஒண்ணேகால் மணி நேரத்துல இருக்கிற பொண்ணை நாலு மாசத் தூரத்துல நிறுத்தி வெச்சிருக்கீங்களே" என்றார் மாதாஜி.