இரண்டு பை ஓ நெகட்டிவ்

டாக்டர் மெகர்னிசாவிடம் சிறுநீரக அறுவை கற்க வந்தபோது செல்வினுக்கு ஐம்பது வயது. ஆசிரியை அவரைவிட இளையவர். அது அவரை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு.

சிறுநீரகப் புற்றுநோய் அறுவையில் யாருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்ல செல்வின் ஒரு கணக்கு போட்டிருந்தார். கட்டியின் அளவு, உடம்பிலிருக்கும் ரத்தத்தின் அளவு, வயது எல்லாம் சேர்த்து. பெரிதாக அது பிசகியதில்லை. ஆனாலும் மெகர்னிசா ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்து வைக்கச் சொன்னார்.

அன்று மேஜையில் பஸ் டிரைவர் சங்கரபாண்டி. ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில் அந்த வகையில் இருந்ததே இரண்டு பைதான். இரண்டையும் இவருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"நூத்துல மூணு பேருக்குத்தான் மேடம் தேவைப்படும். எதுக்கு முடக்கி வைக்கணும்? கணக்கை நீங்க நம்பலையா?"

மெகர்னிசா கத்தியை வாங்கினார்.

சிறுநீரகத்தைப் பாதி விடுவித்திருந்த நேரம் போன் வந்தது. நர்ஸ் கேட்டுச் சொன்னாள்: "பிரசவ வார்டு மேடம். ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கலையாம். அதே குரூப். வெளியே இருந்து வர ஒரு மணி நேரம் ஆகுமாம்."

மெகர்னிசா நிமிர்ந்தார். "உங்க கணக்கு. நீங்க சொல்லுங்க சார்."

செல்வினின் கைக்குக் கீழே சங்கரபாண்டியின் ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது.

"குடுத்திடலாம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

பைகள் போயின. கட்டியைப் பிரிக்கும்போது பெரிய ரத்தக்குழாயின் ஓரம் கிழிந்தது. கண்ணெதிரே வயிற்றுக்குழி சிவந்து நிறைந்தது.

"விரல்!"

செல்வின் அழுத்திப் பிடித்தார். அந்த விரலை ஒட்டியே மெகர்னிசா ஊசியை ஓட்டினார். மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கியது. இன்னும் இறங்கியது. பிறகு அங்கேயே நின்றது.

கடைசி முடிச்சு விழுந்தது; கிழிசல் மூடியது. மறுபடியும் போன். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள்.

செல்வினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இவருக்கு ரத்தம் தேவைப்படலை. கணக்கு தப்பலை மேடம்."

"தப்பலை. நானும் நம்புறேன் சார்," என்றார் மெகர்னிசா. "விரலை எடுங்க."

விரல் அசையவில்லை.