ஈ விரட்டாத பசு

மரகதம்மாளின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தியானத்தில் உட்கார்ந்துவிட்டால், மூக்கு மேல் ஈ உட்கார்ந்தாலும் கையெடுக்கக் கூடாது. இதில் நல்லசிவத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அம்மாவை விட வயதில் மூத்த சீடர், ஓய்வுபெற்ற தாசில்தார், எதிலும் முதல் மார்க் வாங்கியே பழக்கப்பட்டவர். மாட்டுத்தொழுவமும் அவர் பொறுப்புதான்.

ஒரு நாள் காலை முகமெல்லாம் மலர்ந்து வந்து நின்றார்.

"அம்மா, நம்ம செவலைக்குப் பக்குவம் வந்துடுச்சு."

"பசுவுக்கா? என்ன பண்ணுது?"

"வைக்கோலைத் தொடறதே இல்ல. மத்த மாடுங்களோட சேராம மூலையில தனியா நிக்குது. கண்ணு பாதி மூடியிருக்கு. முகத்துல ஈ மொய்க்குது, காதைக்கூட ஆட்டல. சாட்சாத் தியானந்தான்."

அம்மா விறுவிறுவென்று தொழுவத்துக்கு நடந்தார். நல்லசிவம் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினார்.

அம்மா செவலையின் மூக்கைத் தொட்டார். காய்ந்து கிடந்தது. காதின் அடியைத் தொட்டார். கொதித்தது.

"கடைசியா எப்ப அசை போட்டுச்சு?"

"கவனிக்கலையேம்மா. அமைதியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்."

"மாட்டு டாக்டருக்குப் போன் போடுங்க. பிழைக்குமான்னே தெரியல."

நல்லசிவம் உடனே போன் போட்டார். கன்றுக்குட்டியாக வந்ததிலிருந்து அவர் கையால் தின்று வளர்ந்த மாடு. பாவி, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. ஆனால் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"அம்மா, எனக்கு மண்டை காயுது. சாப்பாட்டைக் குறைங்க, தனியா இருங்க, ஈ உட்கார்ந்தா அசையாதீங்கன்னு எங்களுக்குச் சொல்றீங்க. அதையே மாடு செஞ்சா நோய்ங்கறீங்க. பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

அம்மா பசுவின் கண்ணோரம் மொய்த்த ஈக்களை முந்தானையால் விரட்டினார்.

"உங்க மேல ஈ உட்கார்ந்தா எப்படி இருக்கும்?"

"ஆரம்பத்துல கை பரபரக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன்."

"இப்போ?"

"இப்பல்லாம் உட்கார்ந்ததே தெரியறதில்லம்மா."

அந்தக் கலவரத்திலும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பசுவை விட்டுக் கிளம்பிய ஈ ஒன்று அவர் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. இமையோரம் வரைக்கும் ஊர்ந்தது. அவர் பாட்டுக்கு நின்றார்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் மாட்டைப் பார்த்துட்டு உடனே கிளம்பிடப் போறார். இருக்கச் சொல்லுங்க. உங்களையும் பார்க்கணும்."