இடது கை

தாராபுரத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பெயர் ரெஹானா. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவள் கலாமணி. இந்தக் கதையில் குருவைவிடச் சிஷ்யைக்குத்தான் வயது அதிகம். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை டாக்டரம்மா என்பாள்.

கூட்டிப் பெருக்கத்தான் கலாமணி அங்கே வந்தாள். பார்த்துப் பார்த்தே கருவிகளைக் கழுவவும், எடுத்துக் கொடுக்கவும், அழுகிற குழந்தையை நாற்காலியில் உட்காரவைக்கவும் பழகிவிட்டாள். யார் வந்து உட்கார்ந்தாலும் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டு அவள் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திருவாங்க." ரெஹானாவும் நிறுத்திவிடுவார். அந்த மருத்துவமனையில் அது சட்டம்.

அப்படிப்பட்ட கலாமணி அந்த வாரம் கேட்ட கருவியைத் தராமல் வேறொன்றைத் தந்தாள். பஞ்சு கேட்டால் ஊசியை நீட்டினாள். மனசெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

சமுதாயக் கல்லூரியில் பல் மருத்துவ உதவியாளர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருடம், ஆனால் மொத்தத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பகுதிநேரம் என்றால் நான்கு வருடம். பருவத்துக்குப் பருவம் கட்டலாம், முடியாத பருவத்தில் நின்றுவிட்டுப் பிறகு தொடரலாம். நான்கு வருடமா என்று கலாமணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வயதில் படிக்கப் போகிறவளுக்கு அவசரம் இருக்காதா?

முழுப் பணத்தையும் தருகிறேன் என்று பைனான்ஸ்காரர் குப்புராஜ் சொல்லியிருந்தார். அவளுடைய ஓட்டு வீட்டின் பத்திரத்தை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படித்து முடித்தால் சம்பளம் இரட்டிப்பாகும் என்றாள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருத்தி. அதெல்லாம் பேச்சுக்குத்தான், சின்ன ஊரில் யார் தருவார்கள் என்றாள் இன்னொருத்தி. புருஷனைக் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். ஒரு பெண்ணைத் தூங்கவிடாமல் அடிக்க இதைவிட நல்ல பதில் கிடையாது. படிக்காவிட்டால் கடைசிவரை துண்டு கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். படித்துக் கடனைக் கட்ட முடியாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது? இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் கேட்டுவிட்டாள்.

"டாக்டரம்மா, அந்தக் கடனை வாங்கலாமுங்களா?"

ரெஹானா கையுறையைக் கழற்றப் போனவர் நிறுத்தினார்.

"உக்காருங்கக்கா. உங்க பல்லைச் சுத்தம் பண்ணி எத்தனை நாளாச்சு?"

ஒரு நாளும் பண்ணியதில்லை. ஊர்ப் பல்லுக்கெல்லாம் துண்டு கட்டியவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கூச்சத்தோடு சாய்ந்தாள். தலைக்கு மேலிருந்த விளக்கு கண்ணைக் கூசவைத்தது.

"வலிச்சா கையைத் தூக்கலாம்," என்றார் ரெஹானா. "ஆனா நான் நிறுத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு வாய்க்கருகே கையைக் கொண்டுபோனார். கலாமணி வாயை இறுக மூடி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெறுங் கண்ணாடிதானக்கா. இன்னும் ஒண்ணுமே பண்ணலையே."

கலாமணி பார்த்தாள். அவர் கையில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி மட்டும்தான் இருந்தது. இருந்தாலும் பிடியை விட மனம் வரவில்லை.

"சரி. இனி நீங்க தூக்கினா நிறுத்தறேன்."

இயந்திரம் ஓடியது. தண்ணீர் தொண்டைக்குப் போனதும் கையைத் தூக்கினாள். சத்தம் நின்றது. ஈறு சுரீர் என்றது, தூக்கினாள். நின்றது. ஒரு தடவை ஒன்றுமே இல்லாமல், நிற்கிறதா என்று பார்க்கவே தூக்கினாள். அப்போதும் நின்றது. அதற்கப்புறம் கை அதிகம் எழவில்லை. சட்டென்று முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போய், பள்ளிவாசலில் மாலை பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது.

அவள் கேட்ட கேள்விக்கு ரெஹானா பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கலாமணிக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலையில் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு குப்புராஜிடம் போனாள். நல்ல மனுஷர், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். வட்டியைச் சொன்னார். மாதம் தவறினால் வட்டிக்கு வட்டி என்றார். மூன்று மாதம் சேர்ந்தாற்போலத் தவறினால் வீடு என்றார். அதெல்லாம் ஒரு பேச்சுக்கு, நீங்கள் ஏன் தவறப் போகிறீர்கள் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடும் இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் கலாமணி மருத்துவமனைக்கு வந்தபோது மஞ்சள் பை கையிலேயே இருந்தது.

"அவர் பேசிட்டிருக்கையில என்னை அறியாம இடது கையைத் தூக்கிட்டனுங்க," என்றாள்.

"நிறுத்தினாரா?"

"டீ வேணுமான்னு கேட்டாருங்க. கேட்டுட்டு அவர் பாட்டுக்குப் புள்ளி வெச்சுட்டே போனாரு. பத்திரத்தை எடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

ரெஹானா சிரிக்கவில்லை. கலாமணிக்குக் கண் நிறைந்தது. வீடு தப்பியது என்ற நிம்மதி ஒரு பக்கம். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்ற பயம் இன்னொரு பக்கம்.

"அப்ப எனக்குப் படிப்பே வேண்டாமுங்களா? அந்த நாலு வருசப் படிப்புல நின்னு நின்னு படிச்சு நான் என்னைக்கு முடிக்கறது?"

ரெஹானா புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"நேத்து எத்தனை தடவைக்கா நிறுத்தினேன்?"

"கணக்கே இல்லீங்க."

"பாதிப் பல்லைச் சுத்தம் பண்ணினதோடவா எந்திரிச்சுப் போனீங்க?"

கலாமணி வாயை மூடியபடி நாக்கால் பற்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் தடவிப் பார்த்தாள்.