ஆற்றுப் பாறையும் ஒரு காலிக் கட்டமும்

ஏசுவடியானுக்கு ஐம்பது வயது முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அதுதான் வயது வரம்பு. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் நீண்ட விடுப்பை முடித்துக்கொண்டு, பழையபடி எட்டாம் வகுப்புக்கு விதையிலைப் பாடம் நடத்தப் போகவேண்டியதுதான்.

அவர் எடுத்துக்கொண்டது பொடோஸ்டெமேசி என்ற செடிக்குடும்பம். பெயர்தான் பெரிது. ஆற்றுப் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பார்க்கிறவன் பாசி என்று நினைத்துப் போய்விடுவான். வழுக்கி விழுந்தவன் மட்டும் நின்று திட்டுவான்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது: ‘இக்குடும்பத்தால் மனிதருக்கு என்ன பயன்?’

போன வருஷம் அதில் ‘புற்றுநோய்க்கு மருந்தாகலாம்’ என்று எழுதியிருந்தார். தாவரவியல்காரர்கள் எப்போதும் கைவசம் வைத்திருக்கும் வரி அது. எந்தப் புல்லுக்கும் பொருந்தும். நேர்காணலில் ஒருவர் ஆதாரம் கேட்டார். ஏசுவடியான் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதோடு முடிந்தது.

அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ஷாகிரா, அவரைவிடப் பதினோரு வயது இளையவர். காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார் ஏசுவடியான்.

“மேடம், நாளைக்குக் கடைசி நாளு. அந்தக் கட்டத்துல என்னத்த எழுத?”

“ஃபாரத்தை எடுத்துக்கிட்டீங்களா?”

“பையில இருக்கு.”

“அப்ப வாங்க சார், ஆத்துக்குப் போவோம்.”

முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நடு ஆற்றில் உயரமான ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தார்கள். மழை ஓய்ந்துவிட்டதால் மேலே அணையில் இன்று மதகை அடைக்கிறார்கள் என்றார் ஷாகிரா.

பத்து மணிக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

மூன்று வருஷமாக இந்தச் செடியைத் தாளில் ஒட்டி, லென்ஸ் வைத்து அளந்தவர்தான் ஏசுவடியான். ஆனால் ஆறு வற்றியபிறகு, காய்ந்து கிடப்பதைச் சுரண்டி எடுக்கத்தான் வருவார். வற்றும்போது ஒருநாளும் வந்ததில்லை.

வெயில் பட்ட இடத்தில் கடுகளவு மொட்டு ஒன்று தலைதூக்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. பாறை பாறையாக இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டே போனது. உச்சிவெயில் வந்தபோது கரைவரைக்கும் பூ. கொசுத்தேனீக்கள் எங்கிருந்தோ வந்து மொய்த்தன. ஏசுவடியான் கழுத்தில் கேமரா தொங்கியது. அது அவர் நினைவிலேயே இல்லை.

“மழைக்காலம் பூரா தண்ணிக்குள்ள கெடந்தது இதுக்குத்தானா மேடம்?”

“ஆமா. நாலு நாள்ல விதையை உதிர்த்துட்டுக் கருகிரும்.”

“நான் மனசுக்குள்ள இதைப் பாசின்னே வச்சிருந்தேன் மேடம். வெளிய சொல்லல, அவ்வளவுதான்.”

ஷாகிரா சிரித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

“பசிக்குது சார், கிளம்புவோமா?”

ஏசுவடியான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையிலிருந்து ஒரு காலை இறக்கினார். சட்டென்று மேலே இழுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். கரைவரைக்கும் உள்ளங்கை அகலம்கூட வெறும் இடம் இல்லை.

“எங்க மேடம் காலை வைக்க?”

ஷாகிரா அவர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“இப்பக் கேட்டீங்களே, அதையே அந்தக் கட்டத்துல எழுதுங்க, சார்.”